பைக்குக்குக் கரண்ட், காருக்கு அதே பெட்ரோல்

கேள்வி: காங்கேயத்தில் வாடகை வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, சம்பளம் 24,000. போக வர தினமும் 60 கிலோமீட்டர். வீடு திரும்ப இரவு பத்து ஆகிவிடுவதால் பஸ் சரிப்படவில்லை. என் பைக் 2016 மாடல், 110 சிசி. ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. முன்பு லிட்டருக்கு 60 கொடுத்தது, இப்போது 48தான். எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். 2014 மாடல் வேகன் ஆர் ஒன்றும் இருக்கிறது. அம்மாவுக்குப் பக்கவாதம், மாதம் இரண்டு முறை கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அதுதான் துணை. இரண்டுக்கும் சேர்த்துப் பெட்ரோல் மாதம் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. காரை சிஎன்ஜிக்கு மாற்றலாமா? வீட்டு சிலிண்டரையே வைத்து ஓட்டலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார், தண்ணீரில் ஓடும் கிட் என்று இன்னொருவர் சொல்கிறார். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா? எதைச் செய்தால் கட்டுப்படியாகும்?

பதில்: தம்பி, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் டேங்கிலேயே போகிறது என்றால் அது சின்னச் சுமை இல்லை. அம்மாவின் மருந்துச் செலவும் அதற்கு மேல் இருக்கும். அதனால் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே போடுகிறேன்.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பிலிருந்து அரசு 2010 ஜூனில் விலகியது. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை வந்தது. சென்னையில் 2021 ஜூலையில் லிட்டர் நூறைத் தாண்டியது. அதன்பின் மத்திய அரசும் மாநில அரசும் வரியைக் குறைத்தபோதுகூடப் பழைய விலைக்குத் திரும்பவில்லை. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அங்கே போர் என்றாலும் இங்கே ரூபாய் சரிந்தாலும் அடி நம் தலையில்தான். நான் கீழே லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுகிறேன். உங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்க்கில் இரண்டு ரூபாய் கூடக் குறைய இருந்தாலும் முடிவு மாறாது.

எரிபொருளை மாற்ற நினைக்கிற எல்லோரும் "எது மலிவு?" என்றுதான் கேட்கிறார்கள். அதோடு அந்த வண்டி மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஓடுகிற வண்டியில் போட்ட காசுதான் திரும்பி வரும். உங்கள் பைக் மாதம் 1,560 கிலோமீட்டர் ஓடுகிறது, கார் 300 கூடத் தேறாது. நீங்களோ காரை மாற்றலாமா என்றுதான் முதலில் கேட்டிருக்கிறீர்கள்.

பைக்கிலிருந்து தொடங்குவோம். 60 கொடுத்த வண்டி 48க்கு இறங்கியதற்கு எத்தனால் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அப்படியானால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைகிறது. மத்திய அரசின் நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட அறிக்கை, பழைய இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதமும், பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும் குறையும் என்று மதிப்பிட்டது. உங்கள் பைக்குக்கு நான் மோசமான கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், ஏழு சதவீதம். 60 கொடுத்தது 56 கொடுக்க வேண்டும். மிச்சம் எட்டு கிலோமீட்டர் வண்டிக்குள்தான் எங்கோ தொலைகிறது.

முதலில் 48 என்பது சரிதானா என்று பாருங்கள். டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் வேலைக்குப் போய்வந்து, அதே பங்கில் மறுபடி ஃபுல் டேங்க் போட்டு, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துவிடுங்கள். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டு ஓட்டிப் பார்த்துச் சொல்லும் மைலேஜை நம்ப முடியாது.

அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுழற்று சுழற்றிவிடுங்கள். தடையில்லாமல் இரண்டு மூன்று சுற்றாவது ஓட வேண்டும். சர்சர்ரென்று உரசி உடனே நின்றுவிட்டால், பிரேக் ஷூ டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது, அல்லது செயின் இறுகிப்போயிருக்கிறது. தினமும் 60 கிலோமீட்டரும் பாதி பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். என் ஒர்க்ஷாப்புக்கு மைலேஜ் புகாரோடு வரும் வண்டிகளில் என்ஜினைத் தொடாமலே தீர்ந்துபோவது நிறைய. பிரேக், செயின், டயர் காற்று, அடைத்துப்போன ஏர் ஃபில்டர், லிவரில் கொஞ்சமும் தளர்வு (ஃப்ரீ ப்ளே) இல்லாமல் வழுக்கும் கிளட்ச் என்று பெரும்பாலும் இவற்றிலேயே விஷயம் முடிந்துவிடும். டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காலையில் பாருங்கள்.

உங்களுடையது கார்புரேட்டர் வண்டி. புதிய இன்ஜெக்ஷன் வண்டிகளில் சென்சார் பார்த்து, பெட்ரோல் கலவையை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. பெட்ரோலில் எத்தனால் கூடும்போது கலவை லீனாகிவிடும், அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்துவிடும். காலையில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகாது, சோக்கை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், முறுக்கினால் ஒரு திணறல் இருக்கும். இதெல்லாம் இருந்தால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மிக்ஸர் ஸ்க்ரூவை மறுபடி செட் செய்யச் சொல்லுங்கள். அடியில் உள்ள கிண்ணத்தைத் திறக்கும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாகவோ, அடியில் தண்ணீர் முத்துமுத்தாகவோ தெரிந்தால் டேங்கையும் கழுவ வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் பொருள். பெட்ரோல் ட்யூப் விரலால் அழுத்தினால் ரப்பராக அமுங்க வேண்டும். விறைத்தோ வெடித்தோ இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு அற்பம், விட்டால் வரும் ஆபத்து தீ.

ஓட்டும் வேகத்தையும் சொல்லியாக வேண்டும். காங்கேயம் ரோட்டில் எழுபதில் போனால் 30 கிலோமீட்டருக்கு 26 நிமிடம், ஐம்பத்தைந்தில் போனால் 33 நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்காகக் கொட்டும் பெட்ரோல் அதிகம், ஏனென்றால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதமாவது வேகத்தைக் குறையுங்கள்.

இவ்வளவையும் செய்து 56க்கு வந்துவிட்டால், மாதம் 3,315 ரூபாய் ஆகிற பெட்ரோல் 2,840க்கு இறங்கும். ஏறக்குறைய 475 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 5,700. சர்வீஸ் செலவு இரண்டாயிரம், மூவாயிரம் ஆனாலும் ஆறேழு மாதத்தில் வந்துவிடும்.

இப்போது நண்பர்கள் சொன்ன யோசனைகளுக்கு வருகிறேன். வீட்டு சிலிண்டரைக் காரில் வைப்பதை மறந்துவிடுங்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். வீட்டு சிலிண்டரும் அதன் வால்வும் ரெகுலேட்டரும் அடுப்பங்கரையில் அசையாமல் நிற்பதற்காகச் செய்தவை. குலுங்கிக்கொண்டே ஓடும் வண்டிக்கான கேஸ் டேங்கில் அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வும், ட்யூப் அறுந்தால் கேஸை நிறுத்தும் வால்வும் இருக்கும். வீட்டு சிலிண்டரில் இவை இல்லை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் காருக்குள்ளேயே தரையோடு தேங்கும். பின்சீட்டில் எழுந்து ஓட முடியாத அம்மா உட்கார்ந்திருக்கிறார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். இதை உங்களிடம் சொன்ன நண்பரிடமும் தயவுசெய்து சொல்லுங்கள்.

தண்ணீர் கிட்: பேட்டரி கரண்டை வைத்துத் தண்ணீரை ஹைட்ரஜனாகப் பிரித்து என்ஜினுக்குக் கொடுக்கிறோம் என்பார்கள். அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? என்ஜின் சுழற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து. என்ஜின் எதில் சுழல்கிறது? பெட்ரோலில். பெட்ரோலை எரித்துக் கரண்ட் எடுத்து, அதில் தண்ணீரைப் பிரித்து, மறுபடி எரிக்கும்போது ஒவ்வொரு படியிலும் இழப்புதான். தண்ணீரில் மூலிகையைப் போட்டு எரிபொருள் செய்வதாகச் சொல்லி 1996ல் தமிழ்நாட்டையே பேசவைத்த மூலிகைப் பெட்ரோல் கதை என்ன ஆயிற்று? 2016ல் சென்னை நீதிமன்றம் அதை மோசடி என்று சொல்லித் தண்டனை விதித்தது. டேங்கில் ஊற்றும் மைலேஜ் மாத்திரை, காந்தம் எல்லாம் இந்த வகையறாதான். அந்தக் காசுக்குப் புது ஏர் ஃபில்டர் வாங்குங்கள்.

காருக்கு சிஎன்ஜி. நல்ல எரிபொருள்தான், குறை சொல்ல மாட்டேன். தினமும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டும் டாக்ஸிக்காரர் கேட்டால் தயங்காமல் போடுங்கள் என்பேன். உங்கள் கணக்கைப் பாருங்கள். மாதம் 300 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்றால் 20 லிட்டர், 2,040 ரூபாய். சிஎன்ஜியில் கிலோவுக்கு 20 கொடுக்கும், விலை கிலோ 90 என்று வைத்தால் 1,350 ரூபாய். மிச்சம் 690. அங்கீகாரம் பெற்ற கிட்டை முறையாக மாட்டி, ஆர்டிஓவில் ஆர்.சி. புக்கில் ஏற்றி, இன்சூரன்ஸில் சேர்த்து முடிக்க அறுபதாயிரம் ஆகும் என்று வையுங்கள். அது திரும்ப ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கும் ஹைட்ரோ டெஸ்ட் செலவு தனி. உங்கள் காரின் 15 வருட ஆர்.சி.யோ 2029ல் முடிகிறது.

காசை விடுங்கள், இடத்தைப் பாருங்கள். சிலிண்டர் உட்காருவது டிக்கியில். வேகன் ஆரில் டிக்கியே கையகலம். அம்மாவின் மடக்கு வீல்சேரை எங்கே வைப்பீர்கள்? அதோடு, குழாய் இணைப்பு இல்லாத பங்குகளுக்கு சிஎன்ஜி லாரியில்தான் வருகிறது. லாரி காலியாகும் நேரத்தில் போனால் பிரஷர் இறங்கி சிலிண்டர் முழுசாக நிரம்பாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

ஆட்டோ எல்பிஜி கிட் செலவு குறைவுதான், ஆனால் அதற்கான பங்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகக் கார் பெட்ரோலிலேயே ஓடட்டும். இ20க்கு முந்தைய வண்டி என்பதால் பெட்ரோல் ட்யூப்களை சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். இடையில் இரண்டு வாரம் நிற்கிறதல்லவா, மழைக்காலத்தில் டேங்கைக் காலியாக விடாதீர்கள். மற்றபடி அதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

இனி எலக்ட்ரிக் ஸ்கூட்டர். உங்களுக்குப் பொருத்தமான எரிபொருள் இதுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. தினமும் ஒரே பாதை, ஒரே தூரம், இரவு முழுக்க வண்டி வீட்டில் நிற்கும். பேட்டரி வண்டிக்கு இதைவிட வசதியான வேலை கிடையாது. ஒரு கிலோமீட்டருக்குச் சார்ஜிங் இழப்பும் சேர்த்து 0.04 யூனிட் என்று வையுங்கள். மாதம் 62 யூனிட். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினாலும் 500 ரூபாய். 56 கொடுக்கும் பெட்ரோல் பைக்கோடு ஒப்பிட்டாலும் மாதம் 2,340 மிச்சம். ஆயில் மாற்றுவது, செயின் மாற்றுவது எல்லாம் இல்லாமல் போவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எத்தனை யூனிட் (kWh) பேட்டரி என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் போடும் தூரம் சோதனைக்கூடத்தில் எடுத்தது. 3 யூனிட் பேட்டரி ரோட்டில் 85 கிலோமீட்டர் போகும், இன்று உங்களுக்குப் போதும். நாலைந்து வருடத்தில் பேட்டரி கால் பங்கு தேய்ந்தால் 64தான் தேறும். ஆடிக் காற்றில், இரவு பத்து மணிக்கு, படியூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் அது உங்களைப் பயமுறுத்தும். அதனால் 3.5 யூனிட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். தேய்ந்த பிறகும் 75 கிலோமீட்டர் கிடைக்கும். லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம் என்று விற்கும் வண்டிகள் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாதவை. அவை தெருவுக்குள் கடைக்குப் போய்வரத்தான், திருப்பூர் ரோட்டுக்கு இல்லை.

ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டுக்காரரிடம் போங்கள். மாடியில் குடியிருக்கிறீர்கள், வண்டி கீழே நிற்கிறது. கீழே 15 ஆம்ப்ஸ் பாயிண்ட், சரியான எர்த், தனியாக ஒரு சப் மீட்டர், இவற்றை உங்கள் செலவில் போட்டுக்கொள்வதாகச் சொல்லுங்கள். அவருக்கு இருக்கும் தயக்கமும் நியாயமானதுதான். வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். உங்கள் வண்டியால் 124 யூனிட் கூடும். அது யார் மீட்டரில் ஏறுகிறது, தாண்டினால் யார் கட்டுவது என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியே தொங்கவிட்டுச் சார்ஜ் போடவே கூடாது. மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியும் போடாதீர்கள். ஏதாவது ஆனால் நீங்களும் அம்மாவும் இறங்கி வர இருப்பது அந்த ஒரு வழிதான்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கழற்றக்கூடிய பேட்டரி வண்டியைப் பாருங்கள். டிவிஎஸ் ஐக்யூப், ஏதர், பஜாஜ் சேட்டக் ஆகியவற்றில் பேட்டரி வண்டியோடு பொருத்தியது. ஹீரோவின் விடாவில் கழற்றி மாடிக்குத் தூக்கிப்போகலாம். பேட்டரி கனமாக இருக்கும், ஷோரூமிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள். அதுவும் முடியாது என்றால் வேலை செய்யும் கம்பெனியில் கேளுங்கள். தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் வண்டி அங்கேதான் நிற்கிறது.

எந்த வழியும் இல்லையென்றால் மட்டும், பஜாஜ் 2024 ஜூலையில் கொண்டுவந்த சிஎன்ஜி பைக் ஃப்ரீடம் 125ஐப் பாருங்கள். இரண்டு கிலோ கேஸும் இரண்டு லிட்டர் பெட்ரோலும் பிடிக்கும். உங்கள் பாதையிலேயே சிஎன்ஜி பங்க் இருந்தால் கிலோமீட்டர் செலவு பெட்ரோலில் ஆவதில் பாதியை ஒட்டி இறங்கும். பங்க் பாதையில் இல்லையென்றால் வேண்டாம்.

சரி, எப்போது வாங்குவது? 3.5 யூனிட் வண்டி ரோட்டுக்கு வர 1,30,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பழைய பைக் 25,000க்குப் போய், கையிலிருந்து ஐயாயிரம் போட்டால், ஒரு லட்சம் கடன். 12 சதவீதத்தில் 36 மாதம் என்றால் தவணை 3,320. மிச்சமாவது 2,340தான். ஆக மூன்று வருடம் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகவே கட்டுவீர்கள், லாபம் அதற்குப் பிறகுதான். இன்றைய நிலையில் அந்த ஆயிரம் உங்களுக்குப் பெரிது. ஓடுகிற பைக்கை இன்றே விற்றுவிட்டு வாங்குங்கள் என்று அதனால்தான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடிய என்ஜின் இது. இன்னும் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ போனால் புகை தள்ளும், ஆயில் குடிக்கும், மெக்கானிக் என்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்பார். அந்த நாளில் என்ஜினைப் பிரிக்காதீர்கள், புதுப் பெட்ரோல் பைக்கும் வாங்காதீர்கள். புது பைக் தொண்ணூறாயிரத்தை ஒட்டி ஆகும். அதற்கும் எலக்ட்ரிக்குக்கும் உள்ள நாற்பதாயிரம் வித்தியாசத்தை, புது பைக் லிட்டருக்கு 60 கொடுத்தாலும் வரும் மாதம் 2,150 ரூபாய் மிச்சத்தில், ஒன்றரை வருடம் தாண்டியதும் எடுத்துவிடுவீர்கள். அதுவரை இப்போதைய சர்வீஸால் மிச்சமாகும் 475 ரூபாயைத் தனியாக ஒரு கணக்கில் போட்டுவாருங்கள். கடன் அந்த அளவுக்குக் குறையும்.

கடன் வாங்கும்போது வட்டி ஃப்ளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்குமா), குறைந்துவரும் பாக்கிக்கா என்று கேளுங்கள். "ஒன்பது சதவீதம்தான்" என்று ஷோரூமில் சொல்லும் ஃப்ளாட் வட்டி, மூன்று வருடக் கடனில் உண்மையில் பதினாறு சதவீதத்தைத் தாண்டும். பேட்டரி வாரண்டி அட்டையில் எத்தனை வருடம் என்பதோடு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் படியுங்கள். நீங்கள் வருடம் 18,700 ஓட்டுகிறவர், 50,000 கிலோமீட்டர் வாரண்டி உங்களுக்கு மூன்று வருடம்கூட வராது. காசு கொடுத்து வாரண்டியை நீட்டித்துக்கொள்ளும் வசதி இருந்தால் உங்கள் ஓட்டத்துக்கு அது அவசியம். சர்வீஸ் சென்டர் திருப்பூரில் இருக்கும் கம்பெனியாகப் பாருங்கள், காலையில் விட்டுவிட்டு இரவு எடுத்துக்கொண்டு வரலாம். செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்டை அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள்.